பொருநைவேல் பார்சல் ஆபீஸில் லாக் வெள்ளம் அடக்கிய படலம்

வாழி அனந்தநாராயணன்! சேரன்மகாதேவி ஈன்ற செம்மல் வாழி! பொருநைவேல் பார்சல் சர்வீஸின் மாடியறை காத்த மன்னன், விசைப்பலகை தட்டித் தேய்ந்த விரலோன், மூக்குக்கண்ணாடியின் இடக்காலைக் கறுப்பு நூலால் கட்டிக்கொண்டு களம் புகுந்த கலங்கா நெஞ்சன் வாழி வாழி! உயிரோடு இருந்த காலத்தில் யாராவது இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால் காதைச் சொறிந்துகொண்டு கொல்லைப்புறம் போய்விடுவான். இப்போது தடுக்க ஆளில்லை என்ற தைரியத்தில் கொஞ்சம் உரக்கவே வாழ்த்துவோம்.

பொதிகை உச்சியில் பிறந்து, பாறை தாவி, பாபநாசம் தழுவி, வாழைத் தோட்டங்களுக்கெல்லாம் வயிறார ஊட்டிவிட்டு, புன்னக்காயலில் கடல் புகும் பொருநை நங்கையே, நீயும் கேள். ஐப்பசியில் நீ பெருகினால் படித்துறை முழுகும், மண்டபம் முழுகும், அதைப் பார்க்க ஊரே குடை பிடித்துக்கொண்டு வரும். ஆனால் உன்னிலும் வேகமாக, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், பீரோ உயரமுள்ள ஒரு இரும்புப் பெட்டிக்குள் பெருகிய வெள்ளத்தை அல்லவா இப்போது பாட வருகிறோம்! பொறாமைப்படாமல் ஒதுங்கி வழிவிடு தாயே.

தொண்ணூறுகள் முடிய இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த காலம் அது. நெல்லைச் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில், லாரிகள் யானைகள்போல் வரிசையாக நின்று பெருமூச்சு விடும் முற்றத்தின் நடுவே, பொருநைவேல் பார்சல் சர்வீஸ் என்னும் கோட்டை எழுந்து நின்றது. பத்தமடைப் பாய்க்கட்டும், புன்னக்காயல் கருவாட்டு மூட்டையும், நாங்குநேரிப் பக்கத்து வாழைத்தாரும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒன்றின் வாசனையை மற்றொன்றுக்கு இரவல் தந்து, மதுரைக்கும் சென்னைக்கும் புறப்படக் காத்துக்கிடக்கும். கோட்டையின் அதிபதி சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. பேச்சு மட்டும் கறுப்பு. ஒற்றை லாரியில் தொடங்கி நாற்பது லாரி கண்டவர். தமக்கு இந்த உயர்வெல்லாம் வந்தது உழைப்பினாலா, நேரம் பார்த்துத் தொழில் செய்ததாலா என்று யாராவது கேட்டால், ரெண்டாவதுதான் என்று யோசிக்காமல் சொல்லக்கூடியவர்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய், "ரசீது எழுதுவதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கலாம்" என்று ஒரு வருஷம் விடாமல் சொல்லி, சொல்லிச் சொல்லியே கரைத்து, பெட்டியை வாங்க வைத்தவன் அனந்தநாராயணன். கீழே மூன்று கவுன்டர்கள், மூன்று திரைகள். மாடியில், குளிரூட்டிய ஓர் அறையில், அவை எல்லாவற்றுக்கும் தாயான டேட்டாபேஸ் பெட்டி. அதன் எதிரே, மே மாதத்திலும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, நம் தலைவன்.

அந்தப் பெட்டியின் குணம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அது மகா ஜாக்கிரதைக்காரி. கவுன்டரில் ஒரு ரசீது போட்டால், அதை அதற்குரிய இடத்தில் எழுதுவதோடு நிற்காது. என்ன எழுதினேன், எதை மாற்றினேன், எதை அழித்தேன் என்று பக்கத்திலேயே இன்னொரு முறை எழுதி வைக்கும். நாளை இடி விழுந்து எல்லாம் போனாலும் அதைப் பார்த்து மீட்டுவிடலாம் அல்லவா? அந்த இரண்டாம் எழுத்துக்கு லாக் என்று பெயர். லாக் ஒன்று நிறைந்ததும் மடித்து ஒரு டிஸ்கில் அடுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்கும். அடுக்க இடமில்லாமல் டிஸ்க் நிறைந்துவிட்டால்? பெட்டி அப்படியே நின்றுவிடும். உசிரே போனாலும் சாட்சி இல்லாமல் ஒரு எழுத்து எழுத மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டுவிடும் பதிவிரதை அது.

ஒரு வாரத்துக்கு அடுக்கப் போதுமான டிஸ்கைத்தான் அவன் வைத்திருந்தான். ஆவணி கழிந்து புரட்டாசி பிறந்ததும், அந்த ஒரு வார இடம் ஒரே நாளில் நிறையத் தொடங்கியது.

எழுந்தது காண் போர்! நாள்தோறும் ஏதோ ஒரு வேளையில், முன்னறிவிப்பின்றி, முரசறையாமல், லாக் என்னும் அந்த வெள்ளம் குபீரென்று பொங்கும், டிஸ்க் நிறையும், மூன்று திரைகளும் ஒரே கணத்தில் உறையும், கீழே லாரிகள் ஒலிப்பான் முழக்கும், வாழைத்தார்கள் பச்சை மாறி மஞ்சள் பூக்கும், கருவாடு தன் இருப்பை முன்னிலும் பலமாக அறிவிக்கும். "சார்வாள், பெட்டி நின்னுட்டு!" என்ற அபயக்குரல் படியேறி வரும். உடனே நம் வீரன் மஃப்ளரை உதறி எறிந்து, பழைய லாக்குகளை டேப்பில் இறக்கி, இடம் பண்ணிக் கொடுப்பான். பெட்டி மூச்சு விடும். மறுநாள் மறுபடி.

அத்தனையும் எழுதியது யார்? என்ன வேலை நடந்து இப்படிப் பொங்குகிறது? இதுதான் போர். ரசீதுகள் எப்போதும்போலத்தான் விழுந்துகொண்டிருந்தன. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூட அதிகமில்லை. ஆனால் லாக்கோ, திருவிழாக் கூட்டத்துக்குச் சமைத்ததுபோல் குவிந்து கிடக்கும். விருந்து நடந்த தடயம் மட்டும் இருக்கிறது. சாப்பிட்டவர் ஒருவரையும் காணோம்.

முதலில் மதுரைமேல் படையெடுத்தான். மதுரைக் கிளை அங்கே போட்ட ரசீதுகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பியின் வாயில் நின்று கழுத்தை நெரிக்கும் வீரனைப்போல அவன் அந்த இணைப்பைப் பிடுங்கி எறிந்தான். மதுரைக்காரர்கள் நாளெல்லாம் தொலைபேசியில் வைதார்கள். பெட்டி வழக்கம்போல் நின்றது.

அடுத்து கணக்குப் பிரிவின்மேல் பாய்ந்தான். அங்கே மஹாலக்ஷ்மி என்னும் மங்கை, மாதக் கணக்கு ரிப்போர்ட்டுகளை மலைபோல் எடுத்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டை நிறுத்தச் சொன்னான். அவள் கண்ணாடியை இறக்கி, கண்ணை உயர்த்தினாள்.

"ஏன் சார், என் ரிப்போர்ட்டு படிக்க மட்டும்தானே செய்யுது? எழுதவா செய்யுது? வாசிச்சதுக்குமா உங்க பெட்டி சாட்சி வச்சுக்கிடும்?"

அம்பு மார்பில் தைத்தது. அவள் சொன்னது சரி என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் போர்வெறி கண்ணை மறைத்திருந்ததால் நிறுத்தித்தான் வைத்தான். பெட்டி நின்றது. மூன்றாவதாக, ரசீதுகளைச் சீக்கிரம் தேடுவதற்காகத் தான் ஆசையோடு கட்டி வைத்திருந்த இரண்டு இண்டெக்ஸ்களைத் தன் கையாலேயே வெட்டி வீழ்த்தினான். மகனைப் பலி கொடுத்த வேந்தன்போல் அன்று அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. தேடல் ஆமைபோல் ஆனது. பெட்டி நின்றது.

யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பெட்டியையே கேட்க ஒரு வழி உண்டு. உள்ளே வந்து வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரிலும் எவ்வளவு லாக் ஏறியது என்று அது கணக்கு வைத்திருக்கும். ஆனால் ஆள் வெளியேறிய மறுகணமே அவர் கணக்கைத் துடைத்துவிடும். இங்கேதான் விதி விளையாடியது. கீழே இருந்த மூவருக்கும் ஒரு நம்பிக்கை: உறைந்த திரையை ஒருமுறை மூடித் திறந்தால் சரியாகிவிடும். பெட்டிக்கு மூச்சு வந்ததோ இல்லையோ, மூவரும் வெளியேறி மறுபடி உள்ளே வந்து, அப்போது பிறந்த குழந்தைகள்போல் பாவமறியாமல் உட்கார்ந்திருப்பார்கள். டேப்பை மாட்டி, இடம் பண்ணி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அனந்தநாராயணன் கேட்கும்போது, பெட்டி மூன்று பூஜ்யங்களைக் காட்டிச் சிரிக்கும்.

இப்படியாக வந்தது வெள்ளிக்கிழமை. உச்சி வேளையில் பெட்டி நின்றது. இம்முறை படியேறி வந்தது அபயக்குரல் அல்ல; அண்ணாச்சியே. குளிரறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, உள்ளிருந்த குளிரெல்லாம் வெளியே போகும்படி நின்று, பிரகடனம் செய்தார்.

"சார்வாள், நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீரும். பேனாவும் ரசீது புஸ்தகமும் இருந்த காலத்துல என் கடை ஒரு நாளு நின்னதில்ல. வெள்ளம் வந்து ஜங்ஷன்ல முட்டளவு தண்ணி கெடந்தப்பகூட பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டு ரசீது போட்டோம். உம்ம பெட்டி நாளைக்கு ஒரு தடவ நின்னுச்சுன்னு வையும், திங்கக்கெழம அத வாங்குன எடத்துக்கே ஏத்தி அனுப்பிருவேன். லாரிக்கு நமக்கா பஞ்சம்?"

"அப்போ நான், அண்ணாச்சி?" என்றான் நம் தலைவன்.

"பெட்டியே இல்லங்கும்போது உமக்கு இங்கன என்ன சோலி?" என்று கேட்டவர், கொஞ்சம் தணிந்து, "உம்ம மச்சினர் மெட்ராஸ்ல எடம் பாத்து வச்சிருக்காருன்னு சொன்னீரே" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவன் உலகம் முழுவதும் ஆடிற்று. மனைவி கோமுவின் தம்பி சுந்தர்ராமன், மெட்ராஸில் ஒரு கம்பெனியில் அவனுக்காகச் சொல்லி வைத்திருப்பது உண்மைதான். சேரன்மகாதேவியில் அவன் குடியிருந்த ஆற்றங்கரைத் தெருவில் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய், பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கோமு உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. அவனுக்கோ விடிகாலையில் ஆற்றில் ஒரு முங்கு, பிறகு ஏழு மணிப் பாசஞ்சரில் ஜன்னலோரம். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் தன்னிடம் மீதி என்ன இருக்கும் என்று அவனுக்கு நிச்சயமில்லை. மூன்றாம் மாடியில், டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரைச் செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் தன் உருவம் அவன் கண்முன் தோன்றி மறைந்தது. மன்னர்கள் நாடிழப்பது இப்படித்தான்.

அன்று மாலை வீடு திரும்பிய வீரன் கவசம் கழற்றவில்லை. அதாவது சட்டையைக்கூட மாற்றவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து, தனக்குள் யுத்த தினங்களை உருப்போட்டுக்கொண்டிருந்தான். கோமு அடுத்த அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கோமு, ஒரு கணக்கு போட்டுத் தாயேன். தினம் ரெண்டு தடவை பொங்கறது. முதல் தடவை பாதி நிறையறது, ரெண்டாம் தடவை முழுக்க நிறைஞ்சு நின்னுடறது. நடுவுல ஒண்ணரை மணி நேரம். அதுமட்டும் மாறவே இல்லை. ஆனா வேளை மட்டும் தினம் மாறறது. ஒரு ஒழுங்கும் இல்லை. திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு நின்னது. செவ்வாய்க்கிழமை நாலரை. புதன்…"

"ஒண்ணரை" என்றாள் கோமு, தாளிலிருந்து தலை தூக்காமல்.

"ஆமாம். வியாழன்…"

"மூணு. இன்னிக்குப் பன்னெண்டு. நாளைக்குப் பத்தரைக்கு நிக்கும்."

ஊஞ்சல் நின்றது. வானம் பிளந்து ஒரு குரல் கேட்டதுபோல அவன் எழுந்து அறைவாசலுக்கு வந்தான். கையில் சிவப்பு மையோடு, மடியில் நாற்பது பேரின் தப்பும் தவறுமாக வீற்றிருந்த தன் மனைவியை, வரம் தர வந்த தேவதையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"உனக்கு எப்படி…"

"ஏன்னா, இது உலகத்துக்கே தெரிஞ்ச கணக்குன்னா. ராகு காலம் முடியற நேரம். இப்படி ஒரு பிராமணன்! காலண்டர்ல தேதியைக் கிழிக்கறேளே, கீழே என்ன போட்டிருக்குன்னு என்னிக்காவது பாத்திருக்கேளா?"

பார்த்ததில்லை. ராகு காலம், எமகண்டம், சூலம் என்று எதையும் லட்சியம் செய்யாத பகுத்தறிவாளன் அவன். அந்தப் பெருமைதான் அவனைக் கவிழ்த்திருந்தது. அண்டத்தின் பெரும் நிழற்கோள் ஒன்று, தலை மட்டுமே உள்ள அந்தப் பாம்பு, சூரியனையும் சந்திரனையும் விழுங்கிச் சலித்துப்போய், திருநெல்வேலி பார்சல் ஆபீஸில் லாக்கை ஊதிப் பெருக்கிக்கொண்டிருக்கிறதா? அவன் அறிவு அதை ஏற்கவில்லை. ராகுவுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. ஆகவே ராகுவின் பெயரால் வேறு யாரோ எழுதுகிறார்கள்.

விடிந்தது சனிக்கிழமை. ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஆற்றில் முங்கி எழுந்து, பாசஞ்சரில் தொற்றி, பேட்டை தாண்டும்போதே படிக்கட்டுக்கு வந்து நின்று, ரயில் முழுதாக நிற்கும் முன்னரே ஜங்ஷனில் குதித்த அந்த வீரன், மாடிக்குப் போகவில்லை. கீழே, கவுன்டர்களுக்குப் பின்னால், சென்னைக்குப் போகவிருந்த பத்தமடைப் பாய்க்கட்டுகளின் நடுவே, கோரைக் காட்டில் பதுங்கிய வேங்கைபோல் பதுங்கினான். தும்மல் வந்தது. மஃப்ளரைக் கடித்து அடக்கினான்.

மணி ஒன்பதை நெருங்கியது. முதல் கவுன்டரில் சுடலையாண்டி; இருபது வருஷம் ரசீது எழுதிய பழந்தலை. இரண்டாவதில் நூகு. மூன்றாவதில் புன்னக்காயல் இன்னாசி. சுடலையாண்டி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மூவரும் ஒரே தாளத்தில் ஒரு புது ரசீதைத் திறந்தார்கள். அனுப்புநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்தார்கள். பிறகு சுடலையாண்டி கையை நீட்டித் தராசிலிருந்து அரைக் கிலோ எடைக்கல்லை எடுத்து, விசைப்பலகையின் ஒரு மூலையில் பைய வைத்தார். நூகு ஸ்டேப்ளரைக் கவிழ்த்து வைத்தார். இன்னாசி சட்டைப் பையிலிருந்து வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை எடுத்து வைத்தான். மூவரும் எழுந்து டீக்கடைப் பக்கம் திரும்பினார்கள்.

அவர்கள் அமுக்கிய விசை எது? ஐயோ, அதை எப்படிச் சொல்வோம்! வாழைத்தார் காலத்தில் ஒரே ஆள் ஐம்பது தார் அனுப்பினால் ஐம்பது முறை பெயர் அடிக்க வேண்டாமே என்று இரக்கப்பட்டு, முந்தைய ரசீதை அப்படியே நகலெடுத்துச் சேமிக்கும் விசை ஒன்றைப் போன மாதம்தான் அனந்தநாராயணன் வரமாக அளித்திருந்தான். அமுக்கினால் ஒன்று. அமுக்கியபடியே இருந்தால்? அதை அவன் யோசிக்கவில்லை. வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைக்க வந்தவனின் கதை நாம் அறிந்ததுதான். இங்கே கைக்குப் பதில் அரைக் கிலோ கல்.

மூன்று திரைகளிலும் வெற்று ரசீதுகள் அருவியாய்க் கொட்டின. ஒவ்வொரு ரசீதுக்கும் பெட்டி ஏழெட்டு இடத்தில் எழுதியது. எழுதிய ஒவ்வொன்றுக்கும் லாக்கில் சாட்சி வைத்தது. பாய்க்கட்டு உருள, தூசி பறக்க, பாய்ந்தான் பரந்தாமனை ஒத்தவன்! ஒரே வீச்சில் எடைக்கல்லைப் பறித்தான். மறு வீச்சில் ஸ்டேப்ளர் பறந்தது. ஈயக்குண்டு மட்டும் உருண்டு மேசைக்கடியில் போய், அவன் அதைத் துரத்திக் குனிந்ததில் மூக்குக்கண்ணாடியின் நூல் அறுந்தது.

"என்ன ஓய் பண்றேள் மூணு பேரும்?" என்று மேசைக்கடியிலிருந்து கர்ஜித்தான்.

"புள்ளி வைக்கோம் சார்வாள்" என்றார் சுடலையாண்டி, கொஞ்சமும் பதறாமல். "ராகு காலத்துல புது ரசீது தொடங்கப்படாதுன்னு அண்ணாச்சி உத்தரவுல்லா? சரக்கு கொண்டாரவன் நேரம் பாத்தா வாரான்? அதான் நல்ல நேரத்துலயே ரசீத தொடங்கி வச்சிருதோம். பொறவு ஆளு வந்தா, புள்ளிய எடுத்துட்டுப் பேரப் போட்டா முடிஞ்சி. முந்தி புஸ்தகத்துல பேனாவால வச்சோம். இப்பம் பெட்டியில வைக்கோம்."

"எத்தனை புள்ளி?"

"அத யாரு எண்ணுதா? கல்ல வச்சா அதுபாட்டுக்குப் போடும். நாங்க டீ குடிச்சிட்டு வந்து எடுத்துருவோம்."

"மிச்சத்தை?"

"ராகு காலம் முடிஞ்சதும் பூராத்தையும் அழிச்சிருவோம் சார்வாள். உங்க பெட்டியில குப்பை போட்டா வைப்போம்?"

அழிப்பதற்கும் லாக் எழுதப்படும். ஒவ்வொரு வெற்று ரசீதும் பிறந்ததற்கு ஒரு சாட்சி, செத்ததற்கு ஒரு சாட்சி. சாயங்காலம் எண்ணினால் ஒன்றும் மிஞ்சாத மாயம் அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் இன்னாசியின் பக்கம் திரும்பினான். "நீ மாதா கோயிலுக்குப் போறவன்தானே? உனக்குமா ராகு?"

"எனக்கு ராகுமில்ல கேதுமில்ல சார். ஆனா கருவாடு அனுப்புதவரு ரசீதுல புள்ளி இருந்துதான்னு எட்டிப் பாக்காரே, நான் என்னத்தச் செய்ய?"

"எனக்கும் அதே கததான்" என்றார் பள்ளிவாசலுக்குப் போகும் நூகு.

எதிரி கிடைத்தான். ஆனால் எதிரியை வெட்ட முடியாது. புள்ளி வைக்காதே என்றால் ராகு காலம் முழுக்க ரசீது விழாது, லாரி நிற்கும், வாழைத்தார் பழுக்கும், அண்ணாச்சி பெட்டியை அனுப்பிவிடுவார். புள்ளி வை என்றால் பத்தரைக்கு டிஸ்க் நிறையும், பெட்டி நிற்கும், அப்போதும் அனுப்பிவிடுவார். முன்னே மெட்ராஸ், பின்னேயும் மெட்ராஸ். இந்த நெருக்கடியில் முற்றத்தில் அம்பாசிடர் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

அண்ணாச்சி வந்தார். ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் எடைக்கல்லுமாக நின்ற தன் கம்ப்யூட்டர் மன்னனைப் பார்த்தார். நடந்ததை அவன் மூச்சிரைக்கச் சொன்னான். கேட்டு முடித்து, மீசையை ஒருமுறை நீவிவிட்டு, அவர் சொன்னார்.

"புள்ளி இல்லாம என் கடையில ராகு காலத்துல ஒரு ரசீது தொடங்கப்படாது. அது நாப்பது வருசத்துப் பழக்கம். உம்ம பெட்டிக்காவ மாத்த முடியாது."

சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள், பன்னிரண்டை நோக்கி ஒரு துளி நகர்ந்தது. அனந்தநாராயணன் கண்ணை மூடினான். ஆறு தெரிந்தது. டிரம் தெரிந்தது. பகுத்தறிவு என்னும் தன் பழைய வாளை உறையிலிட்டு, அதுவரை கையால் தொட்டறியாத ஓர் ஆயுதத்தை எடுத்தான்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டியை என்னிக்குத் தொடங்கினேள்?"

"ஆவணி மாசம். வளர்பிறை, நல்ல முகூர்த்தம் பாத்து. தேங்காய ஒடச்சேன், தண்ணி பூரா பலகையில தெறிச்சுதுன்னு நீரு குதிச்சீரே."

"அன்னிக்கு முதல் ரசீது போட்டது நீங்கதான். புஸ்தகம்னா ஒவ்வொரு தாளும் தனித்தனி. கிழிச்சா முடிஞ்சுது, அடுத்ததைப் புதுசாத்தான் தொடங்கணும். இது அப்படியில்லை. அன்னிக்கு நீங்க தொடங்கின அந்த ஒரே கணக்குதான் இன்னிக்கும் ஓடிண்டிருக்கு. இன்னும் முடியவே இல்லை. முடியாத ஒண்ணை மறுபடி எப்படித் தொடங்கறது?"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. லோடு இறக்குகிறவர்கள்கூட மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். அண்ணாச்சியின் கண்கள் சுருங்கின. லாரி வாங்கியபோது விலை பேசிய அதே கண்கள்.

"நடுவுல அத்தன தடவ நின்னுச்சே? மறுபடியும் தொடங்குனது எந்த நேரம்?"

மகா அஸ்திரம்! கூட்டத்தில் ஒருவர் "அப்படிக் கேளுங்க" என்றார். ஆனால் நம் தலைவன் சிரித்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தான்; ஏனென்றால் இதற்குப் பதில் உண்மையாகவே இருந்தது.

"நிக்கலை அண்ணாச்சி. எழுத இடமில்லாம மூச்சைப் பிடிச்சுண்டு இருந்தது. இடம் கொடுத்ததும் விட்டுது. அன்னிக்கு ஏத்தினதுலேருந்து ஒரு தடவைகூட அணைக்கலை. கரண்டு போனப்போகூட பேட்டரியில ஓடித்து."

அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தார். வாசலில் வாழைத்தார் லாரி ஒரு முறை உறுமியது. கடிகார முள் துடித்தது.

"நீரு சொல்லுதது சரிதான். இருந்தாலும் மனசு கேக்க மாட்டேங்கு. ஒரே ஒரு புள்ளி நான் வச்சுக்கிடுதேன். தெனமும், நல்ல நேரத்துல, நானே. அது போதும்லா?"

"தாராளமாப் போதும்."

ஆகவே, மோதிரம் இலங்கும் அந்த வலக்கை, நாற்பது லாரிகளை நடத்திய நல்விரலால், ஒன்பது அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில், முதல் கவுன்டரில் ஒரு புள்ளி வைத்தது. விரலை எடுக்கக் கொஞ்சம் தாமதமானதால் ஏழெட்டுப் புள்ளி விழுந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

பிறகு நடந்தது காத்திருப்பு. மாடியறையில் அவன் டிஸ்கின் அளவைப் பார்த்தபடி அமர்ந்தான். கீழே ரசீதுகள் விழுந்தன. பாய் போயிற்று, கருவாடு போயிற்று, வாழைத்தார் பச்சையாகவே போயிற்று. பத்தரை நெருங்க நெருங்க, மஹாலக்ஷ்மி முதலாகக் கணக்குப் பிரிவே படிக்கட்டில் வந்து நின்றது. பத்தரை அடித்தது. டிஸ்கில் லாக், கோடைப் பொருநைபோல், கணுக்கால் அளவில் சலசலத்துக்கொண்டிருந்தது. பெட்டி நிற்கவில்லை. கீழே அண்ணாச்சியின் குரல் கேட்டது: "ஏ சுடலை, சார்வாளுக்கு ஒரு காப்பி கொண்டு குடுலே. சூடா இருக்கட்டும், மனுசன் மாடியில வெறச்சிக் கெடக்காரு!"

வென்றான் அனந்தநாராயணன்! மதுரைக்கு மறுபடி கம்பி தந்து, கணக்கு மங்கைக்கு ரிப்போர்ட் தந்து, வீழ்ந்த இண்டெக்ஸ்களுக்கு உயிர் தந்து, நகல் விசைக்கு ஒருமுறை அமுக்கினால் ஒன்றுதான் என்று கடிவாளமிட்டு, அறுந்த நூலுக்குப் புதுநூல் கட்டி, சனிக்கிழமை அரை நாள் ஆதலால் மத்தியானப் பாசஞ்சரில் ஜன்னலோரம் அமர்ந்து, பேட்டை ஆலைப் புகை வெண்கொற்றக் குடை பிடிக்க, பத்தமடை வெளியில் கோரைகள் சாமரம் வீச, வலப்பக்கம் வயல்களும் வாய்க்கால்களும் வாழை இலைகளும் வழிநெடுகத் தலைவணங்க, இனி எந்த மெட்ராஸும் தன்னை அசைக்காது என்ற இறுமாப்போடு சேரன்மகாதேவியில் இறங்கி, தெருவின் நடுவே, இரு மருங்கும் இல்லாத மக்கள் பூமாரி பொழிய நடந்து, தன் வீட்டு வாசலில் நின்று, "கோமு! நாம எங்கேயும் போகலை!" என்று திசையெட்டும் அதிர முழங்கினான்.

கோமு கதவைத் திறந்து, போகவில்லை என்றால் வருகிற வழியில் கேஸ் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வந்திருக்கலாமே என்றாள்.